பிறத்தியான்

ஆறாம் கட்டையில்
புல்வெட்டும் மெசினை நிறுத்திக் கேற்றைத் திறந்தேன்.
வெயிலில் வெந்த முகத்தோடு ஒருத்தி.
கையில் தண்ணிப் போத்தல்,
நாலாய் மடித்த கடதாசி.

"வோல்ஷ்" என்றாள்.
மூன்றாம் வரிசை, வேம்புக்கு இந்தப் பக்கம்.
பத்தொன்பது வயது. கப்பலில் அடுப்பெரித்தவன்.
நாற்பத்து நாலில், குண்டுபட்டல்ல, காய்ச்சலில் போனவன்.
பதினொரு வருடமாய்
அவன் தலைமாட்டில் கோரை பிடுங்குகிறேன்.
சொந்தக்காரி என்று ஒருத்தி வர
எனக்கே கொஞ்சம் வெட்கமாய் இருந்தது,
கல்லின் ஓரத்தில் பாசி.

அவள் ஈரப்புல்லில் இருந்தபடி
கடதாசியை விரித்தாள்.
எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பினாளாம்.
காணி பிரிப்பதுபோல அவளைப் பிரித்து
வீதம் வீதமாய் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

கல்லில் படித்த இங்கிலிசுதான் என்னுடையது.
எனக்கு விளங்கியது இது:

முதலில் அந்த மண்ணில் மான் துரத்தியவர்கள்
கரிய தோலும் நீலக் கண்ணுமாய் இருந்தார்களாம்.
பிறகு விதைத் தானியத்தோடு வந்து
பெருங்கல் நட்டவர்கள்.
பிறகு, செத்தால் பக்கத்தில்
ஒரு மண்குவளை வைக்கச் சொன்னவர்கள்.
அவர்கள் வந்தபின்
கல் நட்டவரின் இரத்தம் பத்தில் ஒன்றுதான் மிச்சம்.
மற்ற ஒன்பதும் எங்கே என்றேன்.
உதட்டைப் பிதுக்கினாள்.
பிறகு ரோமாபுரிக்காரர் ரோட்டுப் போட்டார்கள்.
போட்டவன் போனான், ரோட்டு இருக்கிறது.
பிறகு ஓடங்கள்.
பிறகும் ஓடங்கள்.

ஓடத்தால் இறங்கியவன்
அங்கேயே இருந்தவனைப் பார்த்து
அந்தச் சொல்லைச் சொன்னானாம்.
அதிலிருந்துதான் வோல்ஷ்.
பிறத்தியான்.

"வந்தவனையா?"
"இல்லை. இருந்தவனை."
திரும்பவும் கேட்டேன்.
"இருந்தவனைத்தான்."

எனக்கு அம்மா வழி வெருகல் கரை.
தேனுக்கும் மட்டிக்கும் அலைந்த சனம்.
குடிமதிப்புக்கு வந்த பொடியன்
இனம் என்ற பெட்டிமேல் பேனையைப் பிடித்தபடி
"வேடர் எண்டு இதில இல்லை அண்ணை,
மற்றையோர் எண்டு போடவோ?" என்றான்.
தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.
போடு என்றேன்.

இதை அவளுக்குச் சொல்ல
என்னிடம் இங்கிலிசு போதவில்லை.

அவள் கடலைக் காட்டினாள்.
அவர்கள் தீவு முன்பு தீவே இல்லையாம்.
நடந்தே போகலாம் அந்தப் பக்கத்துக்கு,
புல்வெளி, ஆறு, மீன்பிடித்த குடிகள்.
கடல் மெல்ல மெல்லத் தின்றது.
மிஞ்சியதன்மேல் ஒருநாள் எழும்பி வந்தது.
இப்போதும் அங்கே இழுவைவலையில்
மான்கொம்பு ஈட்டிமுனை ஏறுமாம்.

"சுனாமி" என்றாள்.
அந்த ஒரு சொல்லுக்கு
இருவருக்குமே அகராதி தேவைப்படவில்லை.
இறக்கக்கண்டியில் என் மைத்துனனின் வலைக்கு
கதவுநிலை ஒன்று வந்தது, பிணைச்சலோடு.
யாருடையது என்று கேட்டுக்கொண்டு
ஒரு கிழமை கரையில் வைத்திருந்தான்.
ஒருவரும் வரவில்லை.
எங்கள் கிணறு இன்னும் உப்பு.

போகும்போது பேரைக் கேட்டாள்.
சீனித்தம்பி.
அர்த்தம் கேட்டாள்.
சர்க்கரை, இளைய சகோதரன் என்றேன்.
அன்றைக்கு முதன்முதலாய்ச் சிரித்தாள்.
வருகைப் புத்தகத்தில் ஒப்பம் வைத்தாள்,
ஊர் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்து.

கடதாசியை மறந்துவிட்டாள்.
காற்று அதை நாலு கல் தள்ளிக்
கொண்டுபோய்ச் சாத்தியிருந்தது.
எண்களைக் கூட்டிப் பார்த்தேன், நூறு வந்தது.
கடைசி வரியை எழுத்துக்கூட்டினேன்:
இன்னாரென்று தெரியாதது, ஒரு வீதம்.

அந்த ஒன்றை மட்டும்
எங்கேயோ கண்ட முகம் மாதிரி இருந்தது.

மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன்.
பிறகு வாளியும் பிரஸ்ஸும் எடுத்துப்போய்
பாசியைத் தேய்த்தேன்.
"என்ன, பிறத்தியான்" என்றேன் அவனிடம்.
மூன்று வரிசை இன்னும் வெட்டக் கிடந்தது.
மெசின் நாலாம் இழுவைக்குத்தான் பிடித்தது.